துப்பாக்கியும் தொட்டிலும்

நம் சங்கத்தின் திங்களிதழில் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், அயல்மாநிலத்தில் தாய்மொழியை மறவாமல் அவர்களை வளர்க்கும் முறையைப் பற்றியும் அன்பர்கள் பலர் எழுதியுள்ளனர். அவற்றைப் படித்துப் பயன் பெற்றவர்களுள் நானும் ஒருவன். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குழந்தைகள் வாழும் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அதனை எவ்வாறு வைத்திருத்தல் வேண்டும் என்பதே அது.

"நம் வீட்டில் துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்று கேட்டு இப்பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றபின், சொந்தத் துப்பாக்கியோடு வங்கிக் காவலராக வேலை பார்க்கும் தமிழர் பல நகரங்களில் உண்டு. காட்டுப் பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரரும் உண்டு. உத்தரப்பிரதேசம், பஞ்சாப் முதலிய மாநிலங்களில் குடியேறிய நம்மவருக்கு, அண்டை வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்குவது புதிய காட்சியன்று. நம் வீட்டில் இல்லாவிடினும், நம் பிள்ளை மாலைதோறும் விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம் அன்றோ?

நான் வாழும் நாடு குடகு. தென்குடகில் ஒரு காப்பித் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணிக்கு 1986-ஆம் ஆண்டில் வந்தேன். பணி ஓய்வு பெற்ற பின்னும் இவ்வூரை விட்டுப் போக மனம் வரவில்லை. குடகரின் வாழ்வில் துப்பாக்கிக்கு உள்ள இடம் தனிச் சிறப்புடையது. வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி வெடித்து அறிவிப்பர். இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி. மலைச்சரிவில் வீட்டுக்கு வீடு தொலைவு மிகுந்த நாட்டில் அதுவே பழைய நாளில் செய்தி சொல்லும் முறையாக இருந்தது. செப்டம்பர் திங்களில் வரும் கைல்போது விழாவில் துப்பாக்கிகளைத் துடைத்து வரிசையாக வைத்து, பூச்சூட்டி வணங்குவர். அப்பூவை அவர்கள் 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, என்று வழங்குகின்றனர். அது வேறெதுவுமன்று, நம் காந்தள் மலரே. தமிழ்நாட்டின் மாநில மலர் இங்கே துப்பாக்கியின் குழலில் செருகப்படுவதை முதன்முதல் கண்டபோது நான் வியந்து நின்றேன்.

உரிமம் பெறாமலே துப்பாக்கி வைத்திருக்கும் சலுகை ஆங்கிலேயர் காலந்தொட்டுக் குடகருக்கு இருந்து வருகிறது. 2019 அக்டோபரில் மத்திய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. இச்சலுகை நமக்கு இல்லை. குடகில் குடியேறிய தமிழர் ஏனைய குடிமக்களைப் போல உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்க முடியும். ஆயினும் அவர்கள் வீடும் நம் வீடும் வேலியடுத்தவை. குழந்தைகளுக்கு வேலி ஏது?

இப்பொருளைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் பெரிய துப்பாக்கியன்று. 2012-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த குடியிருப்பில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு பட்டு இடக்கண்ணை இழந்தான். சுட்டவன் அவன் தமையன், பன்னிரண்டு வயது. மாமரத்து அணிலைக் குறி வைத்தானாம். தோட்டத்து ஜீப்பில் அச்சிறுவனை மைசூருக்கு அழைத்துச் சென்றபோது உடன் சென்றவன் நான். வழியெல்லாம் அவன் அழுதான். முன் இருக்கையில் இருந்த தமையனோ ஒரு சொல்லும் பேசவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தான். இன்று இருவரும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டனர். தம்பி சிரித்துப் பேசுகிறான். தமையன் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

அவர்கள் தந்தை, "அது விளையாட்டுச் சாமான் என்றுதான் வாங்கினேன் ஐயா, உரிமம்கூட வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள்" என்று சொல்லிச் சொல்லி அரற்றினார். கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை. 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத வேகவலிவும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டியதில்லை. உரிமம் வேண்டாம் என்ற சட்டத்தைக் கேட்டவர், ஊறு வராது என்று பொருள் கொண்டுவிட்டார். கண்ணின் மெல்லிய தோலுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே இக்கட்டுரையில் நான் கூறுவன எல்லாம் காற்றுத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று கொள்க.

இனி என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் என்பது என் தமக்கையின் கணவரை. இருபத்து நான்கு ஆண்டு படையில் இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவர். பின்னர் மைசூரில் வங்கிக் காவலராக இருந்தார். அவரிடம் உரிமம் பெற்ற 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வீட்டில் அதற்கு நல்ல மதிப்பு. ஞாயிறுதோறும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, வெளிச்சத்தில் பிடித்துக் குழலினூடே பார்ப்பார். பிறகு கம்பளியில் சுற்றி இரும்பு பீரோவின் மேல் வைத்துவிடுவார்.

2019 டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு என் பேரனும் அவர் பேத்தியும் அவ்வீட்டில் இருந்தனர். இருவரும் ஏழு வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு நாள் இரவு கதை சொல்லிக்கொண்டிருக்கையில் என் பேரன் இடைமறித்து, "தாத்தா, வேட்டைக்காரன் துப்பாக்கியை எங்கே வைத்திருப்பான் தெரியுமா? பீரோவின் மேலே கம்பளிக்குள். குண்டு பிஸ்கட் டப்பாவில். டப்பா உள்ள பெட்டியின் சாவி நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில்" என்றான். என் தமக்கை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்தச் சாவி இருக்கும் இடம் தனக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும் என்று அவள் எண்ணியிருந்தாள். வந்து நான்கு நாள்கூட ஆகாத ஒரு சிறுவன் அதனைக் கதையில் வைத்துச் சொல்கிறான்.

மறுநாள் காலையில் அத்தானிடம் பேசினேன். மூத்தவர், படைவீரர், அவர் துறையைப் பற்றி அவரிடமே சொல்லப் போவது எளிதாக இல்லை. அவருக்கும் முகம் சிவந்தது.

"மாப்பிள்ளை, நான் இருபத்து நான்கு வருடம் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தியவன். கணக்குப் புத்தகம் எழுதிய நீங்கள் எனக்குப் பாதுகாப்புச் சொல்லித் தருகிறீர்களா?" என்றார்.

"அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் அத்தான். படையில் இரவு நேரத்தில் துப்பாக்கி எங்கே இருக்கும்?" என்றேன்.

"கோத்தில் இருக்கும்" என்றார். கோத் என்பது படைப்பிரிவின் ஆயுத அறை. "கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்; வேலை முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும்."

"தோட்டா?"

"அது வேறு கட்டடம். வேறு காவல்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். சிறிது நேரம் காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பயிற்சி பெற்ற ஆயிரம் பேரையே நம்பாமல் பூட்டி வைத்தார்கள்" என்று மெல்லச் சொன்னார். அதன்மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அவ்வாரமே அவர் கொல்லரைக் கொண்டு சுவரோடு பிணைத்த ஒரு நீண்ட இரும்புப் பெட்டியைச் செய்வித்தார். தோட்டாக்களுக்குத் தனியே ஒரு சிறு பெட்டி, வேறொரு பூட்டு, வேறோர் அறை. இரு சாவிகளும் அவர் அரைஞாணில் ஏறின. என் தமக்கை அதைக் கண்டு நகைத்தாலும் அன்றிரவு நிம்மதியாக உறங்கினாள்.

"என் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்; தொடமாட்டான்" என்பது எல்லாப் பெற்றோரும் சொல்லும் சொல். பிள்ளையின் மேல் நமக்குள்ள அன்பு அவ்வாறு சொல்ல வைக்கிறது. ஆயினும் உண்மை வேறு. அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களை இருவர் மூவராக ஓர் அறையில் இருக்கச் செய்து, தோட்டா இல்லாத உண்மைத் துப்பாக்கி ஒன்றை இழுப்பறையில் மறைத்து வைத்தனர். அதைக் கண்டெடுத்த சிறுவர்களுள் பெரும்பாலோர் கையில் எடுத்தனர். விசையை இழுத்தவர்களும் இருந்தனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது மெய்த்துப்பாக்கியா பொம்மையா என்பதே தெரியவில்லை. கையில் எடுத்தவர்களுள் மிகப் பலர் துப்பாக்கியைப் பற்றி முன்பே எச்சரிக்கை பெற்றிருந்தவர்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் தம் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோருள் 100-க்கு 39 பேரின் கூற்றை அவர்தம் பிள்ளைகளே மறுத்துரைத்தனர். என் தமக்கையின் வீட்டில் நிகழ்ந்ததும் அதுவே.

குழந்தைக்கு அறிவுரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "துப்பாக்கியைக் கண்டால் தொடாதே, அவ்விடம் விட்டு அகன்று போ, பெரியவரிடம் சொல்" என்று மூன்று வயது முதலே சொல்லலாம். ஆனால் அறிவுரை குழந்தையின் கடமை. பூட்டு பெரியவரின் கடமை. நம் கடமையைக் குழந்தையின் தோளில் ஏற்றுதல் முறையாகாது.

பூட்டுவது என்றால் என்ன? 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நான்கு வழக்கங்களை எடுத்துக்கொண்டது. துப்பாக்கியில் தோட்டா இல்லாதிருத்தல், துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், தோட்டாவைப் பூட்டி வைத்தல், இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைத்தல் என்பன அவை. இந்நான்கில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிள்ளைகளுக்கு நேரும் ஊறு குறைந்திருப்பதோடு தொடர்புடையது என்று அவர்கள் கண்டனர். நான்கையும் சேர்த்துச் செய்வதற்கு நமக்கு ஆகும் செலவு ஒரு பெட்டியும் இரண்டு பூட்டும்.

அத்தானிடமிருந்து நான் அறிந்துகொண்ட சில நுணுக்கங்களையும் இங்கே தருகிறேன். வெறுந்துப்பாக்கி என்று எவர் சொன்னாலும் நம்பலாகாது. குழல் முகத்தை ஆளில்லாத பக்கம் நோக்க வைத்து, விரலை விசைக்கு அருகே கொண்டு போகாமல், துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரு குழல்களையும் கண்ணால் பார்த்தபின்னரே உள்ளே வைக்க வேண்டும். வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் இவ்வாறு பார்த்தறிய இயலாது; அதனைக் கெட்டித்த நிலையில் வீட்டுக்குள் கொண்டு வருவதே கூடாது. துப்பாக்கியின் மேலுள்ள சிறு தடுப்பு விசையைப் பூட்டு என்று எண்ணுதல் தவறு. குழந்தையின் விரலும் அதைத் தள்ளிவிடும். விசையைச் சுற்றி மாட்டும் பூட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைத் தோட்டா உள்ள துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டலாகாது. உயரமான இடம் பாதுகாப்பு ஆகாது. நாற்காலியை இழுத்துப் போடத் தெரியாத குழந்தை எங்கே இருக்கிறது? சாவியை அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னும் வைப்பது நம் பழக்கம். நம் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

"பூட்டி வைத்தால் துரு ஏறும்" என்பர் மழை மிகுந்த எங்கள் நாட்டார். துரு ஏறுவதற்குக் காரணம் பூட்டன்று. ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோலுறையும் கம்பளியுமே. மெல்ல எண்ணெய் தடவி, உறையின்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றை உடன் வைத்துப் பூட்டினால் போதும்.

"திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகொண்டிருக்க நேரம் ஏது?" என்று கேட்பாரும் உளர். திருடன் வாழ்நாளில் ஒரு முறை வரலாம்; வராமலும் போகலாம். குழந்தை நாள்தோறும் வீட்டில் இருக்கிறது. அன்றியும், ஆளில்லாத வீட்டில் புகுந்த திருடன் விரும்பி எடுத்துப் போகும் பொருள்களுள் துப்பாக்கியும் ஒன்று. ஆண்டுக்கொரு முறை சொந்த ஊருக்குப் புறப்படும் நம் போன்ற குடும்பங்கள் இதனை மறத்தலாகாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு திங்கள் போகும்போது, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ காவல் நிலையத்திலோ துப்பாக்கியை ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். உரிமம் உடையவர் இறந்துவிட்டால், அவர் நினைவாக அதனைப் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. அதனையும் காலம் தாழ்த்தாமல் ஒப்படைக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி மேலும் ஓரிரு சொல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற முடியாது. 2016-ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்பாகக் கையாளுவதற்கும் வைப்பதற்கும் உரிய பயிற்சியை வகுத்திருக்கின்றன. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம் திருமணம் முதலிய கொண்டாட்டங்களில் வானை நோக்கிச் சுட்டுப் பிறர்க்கு ஆபத்து விளைவிப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். வடமாநிலங்களில் வாழும் அன்பர்கள் ஊர்வலத்தில் துப்பாக்கி வெடித்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுதல் நலம். வானை நோக்கிப் போன குண்டு மண்ணுக்குத்தான் திரும்பும்.

சிறு குழந்தைகளைப் பற்றியே இதுவரை எழுதினேன். வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேர்வு முடிவு வந்த நாளிலும், நட்பு முறிந்த நாளிலும் இளம் உள்ளம் படும் துயரம் பெரியது. ஆனால் அதன் உச்சம் பல வேளைகளில் சிறிது நேரமே நிற்பது. அந்தச் சிறு பொழுதில் கைக்கு எட்டும் தொலைவில் ஆயுதம் இல்லாதிருந்தால் பிழைத்துவிடும் உயிர்கள் உண்டு. மேலே சொன்ன 2005-ஆம் ஆண்டு ஆராய்ச்சி இதனையும் காட்டியது. ஆகவே வீட்டில் யாரேனும் மனம் தளர்ந்திருப்பது தெரிந்தால், பூட்டையும் நம்பாமல் துப்பாக்கியை வீட்டிலிருந்தே அகற்றிவிடுதல் வேண்டும். பிள்ளையோடு அமர்ந்து பேசுதல் அதனினும் முதன்மையானது. அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

எஞ்சி நிற்பது அண்டை வீட்டாரைப் பற்றிய கேள்வி. அயலூரில் குடியிருப்போர்க்கு இதுவே கடினமானது. "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், குறை சொல்வதாக எண்ணமாட்டார்களா? இடம் கொடுத்த ஊராரைப் புண்படுத்தலாமா? இத்தயக்கம் எனக்கும் பல நாள் இருந்தது. என் பேரன் அடுத்த தோட்டத்துக் குடகர் வீட்டுக்கு விளையாடப் போகத் தொடங்கியபோது, அவ்வீட்டு மூத்த அம்மையாரிடம் கேட்பதென்று துணிந்தேன். கேள்வியாகத் தொடங்காமல், எங்கள் பையனைப் பற்றியே தொடங்கினேன்.

"அம்மா, எங்கள் பையன் எதையும் ஒரு முறை தொட்டுப் பார்க்காமல் விடமாட்டான். உங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் அவன் கைக்கு எட்டாமல் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்" என்று கன்னடத்தில் சொன்னேன்.

அவர் சினக்கவில்லை. உள்ளே அழைத்துச் சென்று காட்டினார். கெட்டியான மர அலமாரி, துப்பாக்கிகளைக் கோத்துச் சங்கிலி, பெரிய பூட்டு. "வயலில் நாற்று நடும் காலம் முழுவதும் ஆயுதத்தைப் பூசை அறையில் வைத்துவிட்டு, நடவு முடிந்து கைல்போது வந்த பிறகே எடுப்பது எங்கள் பழைய வழக்கம். ஆயுதத்துக்கும் ஓய்வு உண்டு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்" என்றார். பிறகு, "நீங்கள் கேட்டது நல்லது. இங்கே எங்கள் பிள்ளைகளும்தானே விளையாடுகிறார்கள்?" என்றார். துப்பாக்கியை வணங்கும் மக்கள் அதன் ஆற்றலை நம்மினும் நன்கு அறிவர். அதனைக் காக்கும் முறையைக் கேட்பது அவர்களுக்கு இழிவாகத் தோன்றுவதில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

கேட்டதற்கு எவரேனும் வருந்தினால், அவ்வருத்தத்தை ஒரு பண்டிகைப் பலகாரத்தால் ஆற்றிவிடலாம். கேளாமல் விட்டு நேரும் இழப்பை ஆற்றும் மருந்து எந்த ஊரிலும் இல்லை.

என் அத்தான் காவல் பணியையும் விட்ட பிறகு, 2021-இல், உரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்ற வணிகர் வழியாகத் துப்பாக்கியை விற்றுவிட்டார். "தேவை முடிந்த பிறகு அதற்குக் காவல் இருப்பானேன்?" என்பது அவர் சொல். அந்த நீண்ட இரும்புப் பெட்டியில் இப்போது என் தமக்கை வெண்கலப் பாத்திரங்களை அடுக்கியிருக்கிறாள். தேவை உள்ளவர்கள் துப்பாக்கியை வைத்திருக்கட்டும். அதன் பொருட்டு எவரையும் நான் குறை கூறவில்லை. இவ்விதழ் கைக்கு வந்த நாளிலேயே தோட்டாவை ஒரு பெட்டியிலும் துப்பாக்கியை மற்றொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டி, சாவியைத் தம் உடம்போடு வைத்துக்கொள்ளட்டும். அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது அவ்வளவே.